பொருள்குவிப்புத் தடுப்பு வரி: டெல்லிப் பரிந்துரை துறைமுகத்தில் வரியாகும் வழி

ஒரு நாட்டின் உற்பத்தியாளர் தம் சொந்தச் சந்தையில் விற்கும் விலையைவிடக் குறைத்து அதே சரக்கை இன்னொரு நாட்டுக்கு ஏற்றுமதி செய்தால், வணிகச் சட்டத்தில் அதற்குப் பொருள்குவிப்பு என்று பெயர். அதனால் அடிபடும் உள்நாட்டுத் தொழிலுக்காக, வழக்கமான இறக்குமதி வரிக்கு மேல் தனியாக விதிக்கப்படுவது பொருள்குவிப்புத் தடுப்பு வரி. துறைமுகத்திலும் கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் பிரிவிலும் ‘ஆன்ட்டி டம்பிங்’ என்றால்தான் புரியும். மலிவாக விற்பது மட்டும் இந்த வரிக்குப் போதாது. பொருள்குவிப்பு நடந்திருக்க வேண்டும். உள்நாட்டுத் தொழிலுக்குச் சேதம் ஏற்பட்டிருக்க வேண்டும். அந்தச் சேதம் இந்தக் குவிப்பால்தான் வந்தது என்பதும் நிறுவப்பட வேண்டும். மூன்றில் ஒன்று நிற்காவிட்டாலும் வழக்கு நிற்காது.

திருவள்ளூர் மாவட்டத்தில் இந்த வரியின் எல்லாத் தரப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பொன்னேரி வட்டத்தின் கடலோரத்தில் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கின்றன. அங்கிருந்து வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட். மேற்கே உள்ளடங்கித் தேர்வாய்கண்டிகை சிப்காட். வெளிநாட்டுச் சரக்கின் விலை சரிந்தால் ஆர்டர் இழக்கும் ஆலையும், அதே சரக்கைக் கச்சாப்பொருளாக வாங்கிப் பிழைக்கும் பட்டறையும் ஒரே தொழிற்பேட்டையில் இருக்கலாம். முன்னதற்கு இந்த வரி கவசம், பின்னதற்குச் செலவு. இந்த வரியைப் பொத்தாம்பொதுவாக நல்லது என்றோ கெட்டது என்றோ பேசுவோர் பெரும்பாலும் இந்த இரண்டு கேட்டுகளில் ஒன்றின் உள்ளே நின்றுதான் பேசுகிறார்கள்.

மிகத் தெளிவான உதாரணம் டயர். தேர்வாய்கண்டிகையில் உள்ள மிஷ்லின் ஆலை லாரிக்கும் பஸ்ஸுக்குமான ரேடியல் டயர்களைச் செய்கிறது. இதே வகை டயர்கள் சீனாவிலிருந்து மலிவாக வந்து குவிகின்றன என்று டயர் உற்பத்தியாளர் சங்கம், அப்போலோ, ஜேகே, சியட் நிறுவனங்களின் சார்பில் மத்திய அரசிடம் முறையிட்டது. 2016இல் விசாரணை தொடங்கி, 2017 ஆகஸ்டில் முடிவு வெளியானது. அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று நிதி அமைச்சகம் வரியை அறிவித்தது: சீன உற்பத்தியாளரைப் பொறுத்து டன்னுக்கு 245.35 டாலர் முதல் 452.33 டாலர் வரை, ஐந்து ஆண்டுகளுக்கு. ஒரு லாரி டயர் ஏறத்தாழ 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், டயருக்கு 15 முதல் 27 டாலர் வரை கூடும். டயர் ஆலைக்கு இது மூச்சுவிட இடம். கும்மிடிப்பூண்டிக்கும் துறைமுகத்துக்கும் டிரெய்லர் ஓட்டுபவருக்கோ டயர் மாற்றும்போது கைவிட்டுப் போகும் காசு. முறையிட்டவர்களின் பட்டியலில் மிஷ்லின் பெயர் இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அந்த நிறுவனத்துக்குச் சீனாவின் ஷென்யாங்கிலும் ஆலை உண்டு. பன்னாட்டு நிறுவனம் ஒன்று இத்தகைய வழக்கில் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை ஆலை இருக்கும் ஊரை வைத்துச் சொல்லிவிட முடியாது.

இந்த ஏற்பாட்டின் வேர் வெளிநாட்டில் இருக்கிறது. தனிச் சட்டம் போட்டு முதலில் இந்த வரியைக் கொண்டுவந்த நாடு கனடா, 1904இல். 1947இல் கையெழுத்தான காட் என்னும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் ஆறாவது பிரிவு, எந்த நிபந்தனைகளில் ஒரு நாடு இப்படி வரி போடலாம் என்று வரையறுத்தது. உடன்படிக்கை அனுமதி மட்டுமே தரும். வரி போட அந்தந்த நாட்டுச் சட்டம் வேண்டும். இந்தியாவில் அது 1975ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்டத்துக்கு 1982இல் வந்த திருத்தத்தால் நுழைந்தது. விதிகள் 1985இல் எழுதப்பட்டன. ஆனால் உரிம முறையும் உயர்ந்த இறக்குமதி வரியும் கதவைச் சாத்தி வைத்திருந்த காலத்தில் இதற்கு வேலை இருக்கவில்லை. கதவு திறந்த பிறகு, 1992-93இல்தான் முதல் வழக்கு நடந்தது. பிரேசில், மெக்சிகோ, தென் கொரியா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து வந்த பிவிசி ரெசின் பற்றியது அது.

1995 ஜனவரி 1 அன்று உலக வணிக அமைப்பு பிறந்தபோது பழைய விதிகளின் இடத்தில் புதிய விதிகள் வந்தன. அதுவரை செய்யப்பட்டவற்றைப் பாதிக்காமல்தான் புதிய விதிகள் வகுக்கப்பட்டன. சர்வதேச உடன்படிக்கையும் அதே வழியில்தான் சென்றது: புதிய நெறிகள் அந்தத் தேதிக்குப் பின் கோரப்படும் விசாரணைகளுக்கும், பழைய வரிகளின் மீது பின்னர் நடக்கும் மறு ஆய்வுகளுக்கும் பொருந்தும் என்றது. அதாவது பழைய வரி அப்படியே தொடரும், ஆனால் அடுத்த மறு ஆய்வில் புதிய அளவுகோலைச் சந்திக்கும். சட்டம் மாறும்போது நடப்பிலுள்ள வரியை எடுத்துச் செல்வதற்கு இதைவிட நேர்த்தியான வழி பின்னாளிலும் யாருக்கும் தோன்றவில்லை.

இன்று விசாரணை நடத்துவது வணிக அமைச்சகத்தின் கீழுள்ள வணிகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகம். 1998இல் வேறு பெயரில் தொடங்கி 2018 மே மாதத்தில் இந்த வடிவம் பெற்றது. மனுவை வெளிப்படையாக ஆதரிக்கும் உற்பத்தியாளர்களின் பங்கு உள்நாட்டு உற்பத்தியில் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எதிர்ப்போரின் உற்பத்தியைவிடவும் அது அதிகமாக இருக்க வேண்டும். அதே சரக்கைத் தாமே இறக்குமதி செய்யும் உற்பத்தியாளரை இந்தக் கணக்கிலிருந்து ஒதுக்கவும் விதி இடம் தருகிறது. விலை வித்தியாசம் ஏற்றுமதி விலையில் 2 சதவீதத்துக்கும் குறைவு என்றால் அந்த ஏற்றுமதியாளர் மீதான விசாரணை கைவிடப்படும். ஒரு நாட்டிலிருந்து வருவது மொத்த இறக்குமதியில் 3 சதவீதத்தைத் தொடாவிட்டாலும் பொதுவாக அப்படியே. விசாரணைக்கு ஓராண்டு, தேவைப்பட்டால் மேலும் ஆறு மாதம்.

வரியின் அளவை நிர்ணயிப்பதில் இந்தியச் சட்டம் ஒரு கட்டுப்பாட்டைத் தானே ஏற்றுக்கொண்டிருக்கிறது. குவிப்பின் அளவு ஒரு கணக்கு. உள்நாட்டுத் தொழிலின் சேதத்தைச் சரிக்கட்டத் தேவையானது இன்னொரு கணக்கு. இரண்டில் எது சிறியதோ அதுவே வரி. உலக வணிக அமைப்பு இதைப் பரிந்துரைக்கிறதே தவிரக் கட்டாயமாக்கவில்லை. அமெரிக்கா இந்த வழியைப் பின்பற்றுவதில்லை.

இயக்குநரகம் வெளியிடும் இறுதி முடிவு வெறும் பரிந்துரைதான். அது வெளியான மூன்று மாதத்துக்குள் நிதி அமைச்சகம் அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டால்தான் வரி உயிர்பெறும். நீண்ட காலம் பரிந்துரையும் அறிவிக்கையும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்றே தொழில்துறை எண்ணியிருந்தது. 2020ஐ ஒட்டி அந்த நம்பிக்கை உடைந்தது. பல பரிந்துரைகளை நிதி அமைச்சகம் ஏற்கவில்லை. சரக்கை வாங்கிப் பயன்படுத்தும் தொழில்களின் நிலையையும் விலைவாசியையும் பார்க்கும் பொறுப்பு அந்த அமைச்சகத்துக்கு இருப்பதால், மறுப்பதில் தவறில்லை. ஆனால் ஓராண்டு நடந்த விசாரணையின் முடிவைக் காரணமே சொல்லாமல் ஒதுக்குவது முறையாகாது. சுங்க, கலால், சேவை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2022இல் இப்படிப்பட்ட வழக்குகளில் காரணம் கூறவேண்டும் என்றே கருதியது.

அறிவிக்கை எப்படி இருக்கும்? பெரும்பகுதி ஒரு அட்டவணைதான். சரக்கின் சுங்கக் குறியீடு, விவரம், சரக்கு உருவான நாடு, ஏற்றுமதியான நாடு, உற்பத்தியாளர், தொகை, அலகு, நாணயம் என்று கட்டம் கட்டமாகப் போகும். ஒரே சரக்குக்கு ஒரு சீன ஆலையின் பெயரில் ஒரு தொகை இருக்கும், இன்னொரு ஆலைக்கு வேறு தொகை, பெயர் இல்லாத மற்ற எல்லோருக்கும் சேர்த்துக் கடைசி வரிசையில் ஓங்கிய தொகை. விசாரணைக்கு ஒத்துழைத்துக் கணக்குக் காட்டியவர்களுக்கே தனி வரிசை கிடைக்கும். எனவே காட்டுப்பள்ளியில் கன்டெய்னர் இறங்கும்போது இறக்குமதியாளரின் கையில் விலைப்பட்டியல் மட்டும் இருந்தால் போதாது. சரக்கு உருவான நாட்டுக்கான சான்றும், அதைச் செய்த ஆலையின் பெயரும் அட்டவணையோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் கடைசி வரிசைதான். சுங்கக் குறியீட்டைப் பெரிதாக நம்புவதும் ஆபத்து. பல வழக்குகளில் குறியீடு அடையாளத்துக்காகவே தரப்படுகிறது, விவரமே கட்டுப்படுத்தும் என்று இயக்குநரகம் எழுதிவிடுகிறது. குறியீட்டை மாற்றிப் போட்டு வரியிலிருந்து நழுவப் பார்ப்பவர்களைப் பிடிக்கத்தான் இந்தச் சொற்கட்டு.

தொகை டாலரில் இருக்கும், செலுத்துவது ரூபாயில். பில் ஆஃப் என்ட்ரி என்னும் இறக்குமதிப் பத்திரத்தைத் தாக்கல் செய்யும் நாளில் நடப்பிலிருக்கும் சுங்க மாற்று விகிதமே கணக்கு. பில் எப்படி வளர்கிறது என்பதை ஒரு கற்பனைச் சரக்கை வைத்துப் பார்க்கலாம். மதிப்பு ரூ. 1,00,000. அடிப்படை வரி 10 சதவீதம் என்றால் ரூ. 10,000. அதன் மேல் சமூக நலக் கூடுதல் வரி ரூ. 1,000. பொருள்குவிப்புத் தடுப்பு வரி ரூ. 15,000 என்று கொள்வோம். கூடுதல் வரி இதன் மீது விழாது. ஆனால் ஐஜிஎஸ்டி விழும்: 18 சதவீதம் என்றால் ரூ. 1,26,000க்கு ரூ. 22,680. இந்த ஐஜிஎஸ்டியைப் பதிவுபெற்ற ஆலை உள்ளீட்டு வரிக் கடனாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அந்த ரூ. 15,000க்கு அப்படி எந்த வழியும் இல்லை. அது நேராகச் சரக்கின் அடக்கவிலையில் ஏறிவிடும். சிறு ஆலைகள் தடுமாறும் இடம் இதுதான். இறக்குமதியாளர் தாமே வரியைக் கணக்கிட்டுச் செலுத்தும் முறை நடப்பில் இருப்பதால், அறிவிக்கையைப் பார்க்கத் தவறினால் பின்னாளில் பாக்கி கேட்டு நோட்டீஸ் வரும். சாதாரணத் தவறுக்கு இரண்டு ஆண்டு வரை பின்னோக்கிப் போகலாம். மறைத்தது தெரிந்தால் ஐந்து ஆண்டு.

எல்லா வரியும் நிலையான தொகையாக இருக்காது. 2016-17இல் ஹாட் ரோல்டு எஃகு விஷயத்தில் அரசு வேறு முறையைக் கையாண்டது. சீனா, ஜப்பான், தென் கொரியா, ரஷ்யா, பிரேசில், இந்தோனேசியா ஆகிய ஆறு நாடுகளின் சுருளுக்கும் தகட்டுக்கும் டன்னுக்கு 478 முதல் 561 டாலர் வரை ஆதார விலைகள் குறிக்கப்பட்டன. சரக்கு வந்து இறங்கும் விலை அதற்குக் கீழே இருந்தால் வித்தியாசம் மட்டும் வரி. ஆதார விலை 489 டாலர் என்று வைத்தால், 450க்கு வருவதற்கு 39 டாலர் வரி. 500க்கு வருவதற்கு ஒன்றுமில்லை. உலக விலை ஏறியதும் இந்த வரி தானாகவே செயலற்றுப் போகும். கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகளுக்கு இதில் நேரடித் தொடர்பு குறைவு. சுருளை வாங்கி வெட்டி, வளைத்து, பற்றவைத்து விற்கும் பட்டறைகளுக்குத்தான் ஒவ்வொரு டாலரும் தெரியும்.

அரசு நினைத்தால் நடுவழியில் வரியை எடுத்துவிடவும் முடியும். 2021 பட்ஜெட்டில் சில எஃகுப் பொருள்கள் மீதான வரிகள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. 2022 பிப்ரவரி 1 பட்ஜெட்டில், உலோக விலை உயர்வைக் காரணம் காட்டி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பூச்சுத் தகடு, அலாய் ஸ்டீல் கம்பிகள் சிலவற்றின் மீதான வரிகள் முழுதாகவே விலக்கப்பட்டன.

மணலி வட்டாரம் முன்பு திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள ரசாயன ஆலைகள் இந்த வரியை நன்கு அறிந்தவை. மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் செய்யும் பாலியால், நுரை மெத்தைக்கான மூலப்பொருள். அந்த நிறுவனத்தின் மனுவின் பேரில் 2015இல் சிங்கப்பூர்ப் பாலியால் மீது வரி வந்தது. சலவைத் தூளுக்கு அடிப்படையான லீனியர் ஆல்கைல் பென்சீனைத் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் செய்கிறது. ஈரான், கத்தார், சீனா ஆகிய நாடுகளிலிருந்து வந்த அதே ரசாயனத்துக்கு 2017இல் வரி போடப்பட்டது.

இந்த வரியின் ஆயுள் ஐந்து ஆண்டு. முடியும் முன் மறு ஆய்வு நடந்து, வரியை எடுத்தால் குவிப்பும் சேதமும் திரும்பும் எனத் தெரிந்தால் மேலும் ஐந்து ஆண்டு நீட்டலாம். ஆய்வு முடியாவிட்டால் இடைக்காலமாக ஓராண்டு வரை தொடரலாம். இந்த மறு ஆய்வைத்தான் துறையில் ‘சன்செட் ரிவ்யூ’ என்கிறார்கள். ஆய்வு தொடங்கிவிட்டாலே பழைய வரி தானாகத் தொடரும் என்று பலரும் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தைக் கலைத்தது ஒரு ரப்பர் வழக்கு.

எண்ணெய் சீல்களுக்கும் குழாய்களுக்கும் பயன்படும் நைட்ரைல் ரப்பர் மீதான வரி 2014 ஜனவரி 1 அன்று முடிவதாக இருந்தது. அதற்கு முந்தைய நாள், 2013 டிசம்பர் 31இல், மறு ஆய்வு தொடங்கப்பட்டது. ஆனால் வரியை நீட்டிக்கும் அறிவிக்கை ஜனவரி பிற்பகுதியில்தான் வந்தது. தென் கொரியாவின் கும்ஹோ நிறுவனம் வழக்குத் தொடுத்தது. டெல்லி உயர்நீதிமன்றம் அதன் பக்கம் தீர்ப்பளித்தது. 2017 ஜூன் 9 அன்று உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆய்வு தொடங்கியதாலேயே வரி நீளாது. பழைய அறிவிக்கை நடப்பில் இருக்கும்போதே நீட்டிப்பு அறிவிக்கை வர வேண்டும். காலாவதியான அறிவிக்கையைப் பின்னால் திருத்தி உயிர்ப்பிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். அரசாங்கத்தின் உள்ளே கோப்பு நகர்ந்த வேகம் ஒரு தொழிலின் பாதுகாப்பையே இழக்கவைத்தது. வரியைக் கட்டுபவருக்கோ அதே தீர்ப்பு ஒரு உறுதி: அரசிதழில் இல்லாத நாளில் வரியும் இல்லை.

பழைய வரியைப் புதிய அமைப்புக்குள் கொண்டுபோகும் சிக்கலை மிகப் பெரிய அளவில் சந்தித்த நாடு பிரிட்டன். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை பொருள்குவிப்புத் தடுப்பு வரியை பிரசெல்ஸ் போட்டது. பிரிட்டன் துறைமுகங்கள் வசூலித்தன. 2020 டிசம்பர் 31 அன்று மாறுதல் காலம் முடிந்ததும் அந்த ஆணைகளுக்குப் பிரிட்டனில் செல்லுபடி இல்லை. அப்படியே விட்டால் ஒரே இரவில் எல்லா வரியும் மறையும். எல்லாவற்றையும் நகலெடுத்தால், பிரிட்டனில் யாருமே செய்யாத பொருளுக்கும் பிரிட்டிஷ் மக்கள் வரி கட்ட வேண்டிவரும். எனவே 2017 முதலே உற்பத்தியாளர்களிடம் கேட்டு, உள்நாட்டில் ஓரளவாவது உற்பத்தி இருக்கிறதா, அந்த உற்பத்தியாளர்கள் வரியை ஆதரிக்கிறார்களா என்று பார்த்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பிய நடவடிக்கைகளில் 43ஐ மட்டும் எடுத்துச் செல்ல முடிவானது. 2018இல் இயற்றிய சட்டத்தின்கீழ், 2021 ஜனவரி 1 முதல் அவை பிரிட்டனின் சொந்த வரிகளாயின. அவற்றின் தொகை ஐரோப்பா முழுவதற்கும் பார்த்த கணக்கு என்பதால், பிரிட்டனுக்கு மட்டும் பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாக மறுபடி ஆராய வேண்டியிருந்தது. அந்த வேலைக்கென்றே தனி ஆணையம் 2021 ஜூன் 1 அன்று செயல்பாட்டுக்கு வந்தது.

எதிர்த்திசையில் நடந்தபோது இவ்வளவு பாடு இருக்கவில்லை. 2004 மே 1 அன்று போலந்து, ஹங்கேரி உள்ளிட்ட பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்ததும், நடப்பிலிருந்த ஐரோப்பிய வரிகள் அனைத்தும் அன்றே அந்த நாடுகளின் எல்லைகளுக்கும் நீண்டன. புதிய நாடுகளின் தொழில்களைச் சேர்த்துச் சேதக் கணக்கைப் பொதுவாகத் திரும்பப் போடவில்லை. பெரிய அமைப்பில் சேருபவர் அதன் வரியைக் கேள்வியின்றி ஏற்கிறார். பிரிந்து வருபவரோ ஒவ்வொன்றுக்கும் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

நாட்டுக்கு உள்ளேயும் இந்த வரி எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கம் வழியே ஆந்திர எல்லையைக் கடந்தால், தடா அருகே ஸ்ரீசிட்டி. அதன் ஒரு பகுதி சிறப்புப் பொருளாதார மண்டலம். அத்தகைய மண்டலத்தில் உள்ள ஆலையும், முழு ஏற்றுமதி ஆலையும், அறிவிக்கை தனியே குறிப்பிட்டால் ஒழிய இந்த வரியைக் கட்ட வேண்டியதில்லை. சரக்கு அப்படியே உள்நாட்டுச் சந்தைக்கு வெளியேறினாலோ, அதைக்கொண்டு செய்த பொருள் உள்நாட்டில் விற்கப்பட்டாலோதான் வரி. கும்மிடிப்பூண்டி ஆலைக்கும் ஏற்றுமதிக்காக முன்அனுமதி பெற்று இறக்குமதி செய்யும் திட்டத்தில் விலக்கு கிடைக்கிறது. உள்நாட்டில் விற்பவருக்கு மட்டும் தப்ப வழியில்லை.

தப்ப முயல்பவர்கள் வேறு வழிகளில் போவார்கள். சரக்கை மூன்றாம் நாட்டுக்கு அனுப்பி அங்கே லேசாகப் பூட்டி வேறு பெயரில் கொண்டுவருவது, பாகங்களாகப் பிரித்து அனுப்புவது, கலவையைச் சற்று மாற்றுவது என்று பல உத்திகள் உண்டு. 2012இல் சேர்க்கப்பட்ட விதிகளின்படி, இத்தகைய ஏய்ப்பு நிரூபணமானால் அதே வரியை அப்படி வரும் சரக்கின் மீதும் நீட்டலாம்.

சர்ச்சை வந்தால் போகும் இடம் சர்ச்சையின் தன்மையைப் பொறுத்தது. குவிப்பு நடந்ததா, சேதம் உண்டா, வரி சரியா என்பவை விசாரணை சார்ந்தவை. அவற்றுக்கு 90 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை நேரடியாக அணுகலாம். அவை டெல்லியில், தீர்ப்பாயத் தலைவர் அமைக்கும் குறைந்தது மூவர் அமர்வின் முன் வருகின்றன. தம் சரக்கு அந்த அட்டவணையின் விவரத்துக்குள் வருகிறதா, எந்த வரிசையின் தொகை பொருந்தும் என்பது மட்டுமே கேள்வி என்றால், காட்டுப்பள்ளியில் சரக்கு எடுக்கும் கும்மிடிப்பூண்டி ஆலை முதலில் சென்னைச் சுங்கத்துறையின் மேல்முறையீட்டு ஆணையரிடம் போக வேண்டும். அதற்கு அடுத்த படி, அதே தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளை.